மன்னனும் முதன்மந்திரியும்: கண்டி இராச்சியத்தின் இறுதிக்கால அயல்நாட்டுக் கொள்கை பற்றிய ஒரு மீள்நோக்கு

ஒரு முடியரசின் அயல்நாட்டுக் கொள்கையை வகுப்பவன் மன்னனா, அவனுடைய முதன்மந்திரியா என்னும் வினா ஆங்கில வரலாற்றாசிரியரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. எட்டாம் ஹென்றியின் ஆட்சிக்காலத்தில் (1509–1547) ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அரசகருமங்களை நடத்திய கர்தினால் வுல்சி இவ்விவாதத்தின் மையத்தில் நிற்கின்றார். வுல்சி பாப்பாண்டவரின் நலனைப் பின்பற்றியே இங்கிலாந்தின் கொள்கையை வகுத்தார் என 1929இல் பொலாட் எழுதினார். 1968இல் ஸ்காரிஸ்பிரிக் அதனை மறுத்து, வுல்சி சமாதானத்தையே பெரிதும் நாடினார் என வாதித்தார். 1990இல் பீற்றர் குவின், மந்திரி அரசனின் விருப்பத்தை நிறைவேற்றிய ஊழியனேயன்றி வேறல்லன் என்னும் முடிவுக்கு வந்தார். ஒரே கடிதக் கட்டுகளைப் படித்தவர்கள் இவ்வாறு மூன்று திசைகளிற் பிரிந்து சென்றமை நோக்கற்பாலது.

இவ்வினாவை எமது நாட்டு வரலாற்றின்மீது தொடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எட்டாம் ஹென்றியின் சமகாலத்தவனான யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் இதற்கு முதலில் நினைவுக்கு வருவான். ஆயின், போர்த்துக்கேயரோடு அவன் கொண்ட உறவும் பகையும் ஓரளவு தெரியவந்துள்ளபோதும், அவனுடைய அவையில் அவற்றை வகுத்த மந்திரிமார் எமக்குக் கிடைக்கும் சான்றுகளில் முகமற்றவராகவே உள்ளனர். மன்னனும் மந்திரியும் இருவேறு ஆட்களாக, இருவேறு நலன்களோடு, ஆவணங்களிலே தெளிவாகத் தோன்றும் களம் இலங்கையில் ஒன்றுண்டு. அது கண்டி இராச்சியத்தின் இறுதி இருபது ஆண்டுகளாகும்.

அக்களம் யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் புறம்பானதுமன்று. 1803 மே மாதத்தில் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்துக்கும் கண்டியின் முதன்மந்திரி பிலிமத்தலாவைக்கும் இடையே ஏற்பட்ட இணக்கத்தில் ஒரு விந்தையான வாசகம் காணப்படுகின்றது. அதன்படி கண்டியின் ஆட்சி பிலிமத்தலாவையைச் சேரும். 'அரசன்' என்னும் பட்டத்தைத் தாங்கிய முத்துசாமி என்பவன் ஆண்டொன்றுக்கு 30,000 இறைசால் உதவித்தொகை பெற்று யாழ்ப்பாணத்திலே தன் அவையை நடத்துவான். பண்டத்தரிப்பிலிருந்து இதனை எழுதும் எமக்கு, சங்கிலி குமாரன் 1619இல் வீழ்ந்து நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னர், இராச்சியமேயில்லாத ஓர் அரசனுக்கு இம்மண்ணிலே அரசிருக்கை ஒதுக்கப்பட்டது என்பது சிறிது நகைப்பையும் பெரிதும் சிந்தனையையும் தருகின்றது. அவ்வாசகம் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை விளங்கிக்கொண்டால் கண்டியின் வீழ்ச்சியும் பெருமளவுக்கு விளங்கிவிடும்.

முதலில் வுல்சியைச் சுருக்கமாக நோக்குவோம். இப்சுவிச் நகரத்து இறைச்சி வணிகன் மகன் எனப் பகைவரால் இகழப்பட்ட இவர் 1515இல் கர்தினாலாகவும் அரச முத்திரையைக் காக்கும் முதன்மந்திரியாகவும் உயர்ந்தார். அக்கால ஐரோப்பாவின் இரு பெருஞ்சக்திகள் பிரான்சின் முதலாம் பிரான்சிசும், ஸ்பெயினையும் ஜேர்மனியையும் ஒருங்கே ஆண்ட பேரரசன் ஐந்தாம் சாள்சும் ஆவர். இவ்விருவரோடு ஒப்பிடுமிடத்து இங்கிலாந்து வருவாயிலும் படையிலும் சிறியது. இருவரும் சமவலிமையோடு பொருதும்வரை இங்கிலாந்தின் நட்புக்கு விலை இருந்தது. 1518இல் இலண்டன் உடன்படிக்கையினால் ஐரோப்பிய அரசுகளை ஒரே சமாதான ஏற்பாட்டினுட் கொணர்ந்ததும், 1520இல் ஹென்றியையும் பிரான்சிசையும் பெருஞ்செலவிலான ஆடம்பர விழாவிற் சந்திக்கச் செய்ததும், அடுத்த ஆண்டிலேயே சாள்சின் பக்கம் சாய்ந்ததும் இவ்விலையை அறிந்து நடத்திய பேரங்களே. 1525இல் பவியாப் போர்க்களத்திற் பிரான்சிஸ் சிறைப்பட்டதோடு தராசின் ஒரு தட்டு கீழே வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே போருக்கென வுல்சி விதித்த புதிய அறவீட்டைக் குடிகள் கொடுக்க மறுத்துக் கிளர்ந்தனர். 1527இல் சாள்சின் படைகள் உரோமைச் சூறையாடிப் பாப்பாண்டவரைத் தம் பிடிக்குட் கொணர்ந்தபின், சாள்சின் சிற்றன்னையான கதரீனிடமிருந்து ஹென்றி விவாகவிடுதலை பெறும் வழியும் அடைபட்டது. 1529இல் பிரான்சும் பேரரசும் கம்பிறேயில் இங்கிலாந்தைப் புறத்தே வைத்துச் சமாதானம் செய்துகொண்டன. சில வாரங்களில் வுல்சி பதவியிழந்தார். 1530 நவம்பரில், விசாரணைக்கென இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில், லெஸ்ரரில் நோயால் மாண்டார்.

அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று, பிறநாட்டாருக்கு எழுதிய கடிதங்களில் 'நானும் என் அரசனும்' எனத் தம்மை முன்னிறுத்தினார் என்பதாகும். இலத்தீன் இலக்கண மரபு அவ்வாறுதான் எழுதச் சொல்லும் என்பதைக் குற்றஞ்சாட்டியோர் அறியாதவரல்லர். ஆயினும் குற்றச்சாட்டு நிலைத்தது. வுல்சியின் அதிகாரம் முழுவதும் அரசனுடைய ஒரு சொல்லில் தங்கியிருந்தது. அவருக்கெனச் சொந்தக் குடிப்படை இல்லை, பரம்பரை நிலமில்லை, அவர் வீழ்ந்தபோது வாளேந்தி எழுவதற்கு உறவினர் கூட்டமும் இல்லை. அரசன் ஆக்கிய மந்திரியை அரசனே அழித்தான்.

கண்டியிலோ நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே மந்திரி அரசனை ஆக்கினான்.

கண்டி இராச்சியத்தின் நிருவாகத் தலைமையில் 'அதிகார்' என வழங்கப்பட்ட இரு மந்திரிகள் இருந்தனர். முதலாம் அதிகார் அரசனுக்கு அடுத்த நிலையினன். பிறநாட்டாரோடு நடைபெறும் கடிதப் போக்குவரத்தும் தூதரை வரவேற்றலும் வழமையாக அவன் கையிலேயே இருந்தன. மாகாணங்களைத் திசாவைமார் ஆண்டனர். இவ்விரு வகைப் பதவிகளும் சட்டப்படி பரம்பரையானவையல்ல; அரசன் கொடுத்து அரசன் பறிப்பவை. ஆயினும் இவை 'ரதல' எனப்பட்ட சில பெருங்குடும்பங்களை விட்டு வெளியே சென்றதில்லை. அக்குடும்பங்களுக்கு நிலமும், நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடிகளின் ஊழியமும் உரியனவாயிருந்தன. இவ்வளவு வலிமை பெற்றிருந்தும் ஒன்றை மட்டும் அவர்கள் அடையமுடியவில்லை. அரசனாவதற்குச் சூரியகுல சத்திரியப் பிறப்பு வேண்டும் என்னும் மரபு அவர்களைச் சிம்மாசனத்திலிருந்து விலக்கி வைத்தது. உயர்குடிக்குள் ஒருவன் அரசனாவதை மற்றைய குடும்பங்களும் பொறுத்திரா. ஆகவே, 1739இல் நரேந்திரசிங்க மன்னன் பட்டத்தரசியிடத்து மகப்பேறின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அவ்வரசியின் தம்பி சிறீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயரோடு முடிசூடினான். நாயக்கர் வமிசம் கண்டியில் இவ்வாறு தொடங்கிற்று.

இதனை அந்நியர் ஆட்சியின் தொடக்கம் என எழுதுவோர் ஒரு பகுதியை மட்டுமே காண்கின்றனர். ரதலக் குடும்பங்களுக்கு இவ்வேற்பாடு வசதியாயிருந்தது. நாட்டிலே வேரில்லாத அரசன் அவர்களைச் சார்ந்தே ஆளவேண்டியவன் என அவர்கள் கணித்தனர். கணிப்பு முற்றிலும் பலிக்கவில்லை. கீர்த்தி சிறீ இராஜசிங்கன் (1747–1782) பௌத்த சமயத்தின் பெரும் புரவலனாகி, மடாலயங்களையும் கல்வியையும் மீட்டெடுத்துத் தனக்கெனச் செல்வாக்குத் தேடிக்கொண்டான். 1760இல் அவனைக் கொல்ல மேற்கொள்ளப்பட்ட சதியில் மந்திரிகளும் பிக்குமாரும் பங்குகொண்டனர் என்பது, அரசனுக்கும் உயர்குடிக்கும் இடையேயான இழுபறி பிலிமத்தலாவைக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதைக் காட்டும்.

கண்டியின் அயல்நாட்டுக் கொள்கை, அதனை நடத்தியவர் மாறினும், இரு நூற்றாண்டுகளாக ஒரே அடிப்படையில் இயங்கியது. மலைநாடு தற்காப்புக்கு ஏற்றது. கடல் வாயில் இல்லாதது. உப்பும் கருவாடும் துணியும் கரையோரத்தினூடாகவே வரவேண்டும். ஆகவே கரையோரத்தை ஆள்பவனுக்கு எதிராகக் கடலுக்கு அப்பாலுள்ள மற்றொருவனை அழைப்பதே வழியாயிற்று. இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து போர்த்துக்கேயரை அகற்ற வழிகண்டான். போர்த்துக்கேயர் சென்றபின் ஒல்லாந்தர் போகவில்லை. அடுத்த நூற்றாண்டில் கீர்த்தி சிறீ ஒல்லாந்தருக்கு எதிராக ஆங்கிலேயரை நோக்கினான். 1762இல் சென்னையிலிருந்து பைபஸ் என்னும் தூதன் வந்தும் பயன் விளையவில்லை. 1765இல் கண்டி நகரத்தையே பிடித்த ஒல்லாந்தர் அங்கே நிலைக்கமுடியாது பின்வாங்கினராயினும், 1766 உடன்படிக்கை மூலம் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். அன்றுதொட்டுக் கண்டி நான்கு புறமும் அடைபட்ட நாடாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் இறங்கியபோது இராஜாதி இராஜசிங்கன் மீண்டும் பழைய வழியை நாடினான். 1796இல் அவனுடைய தூதர் சென்னையில் ஓர் உடன்படிக்கைக்கு இசைந்தனர். இழந்த கரையோரம் திரும்பக் கிடைக்காத அவ்வுடன்படிக்கையை மன்னன் உறுதிசெய்ய மறுத்தான். அம்மறுப்பு அறிவீனம் எனப் பல ஆங்கில நூல்கள் கூறுகின்றன. கரையோரத்தை மீட்பதற்கென்றே ஆங்கிலேயரை அழைத்த ஒருவன், அது கிடைக்காத தாளில் முத்திரையிட மறுத்தது எவ்வாறு அறிவீனமாகும் என்பது எமக்கு விளங்கவில்லை.

ஆனால் நிலைமை அடியோடு மாறிவிட்டது. 1796இன் பின்னர் இலங்கைக் கரையில் ஓர் ஐரோப்பியச் சக்தியே எஞ்சியது. 1802இல் அமியன்ஸ் சமாதானம் ஆங்கிலேயரின் உடைமையை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு முதல் கரையோர இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. பவியாவின் பின் வுல்சிக்கு நேர்ந்தது கண்டிக்கும் நேர்ந்தது. எனினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இங்கிலாந்தைச் சூழ்ந்து கடல் இருந்தது. கண்டியைச் சூழ்ந்து ஆங்கிலேயர் இருந்தனர். இரு வல்லரசுகளுக்கிடையே தன் நட்பை விற்கமுடியாத மந்திரியிடம் விற்பதற்கு எஞ்சியிருந்த பொருள் ஒன்றே. அது சிம்மாசனம்.

1798இல் இராஜாதி இராஜசிங்கன் வாரிசின்றி இறந்தான். முதலாம் அதிகாரான பிலிமத்தலாவை, இறந்த மன்னனுடைய அரசியின் தம்பியான முத்துசாமியை ஒதுக்கிவிட்டு, பதினெட்டு வயதளவினனான கண்ணுசாமியைத் தெரிந்தெடுத்து சிறீ விக்கிரம இராஜசிங்கன் என முடிசூட்டினான். முத்துசாமி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். அவ்வாண்டு ஒக்டோபரில் நோர்த் இலங்கைக்கு வந்தார். 1799 தொடக்கத்தில் அவிசாவளையில் பிலிமத்தலாவை அவரைச் சந்தித்தான். தான் ஆக்கிய அரசனை அகற்றித் தன்னை ஆட்சியில் அமர்த்த ஆங்கிலேயர் உதவவேண்டும். பதிலாக அவர்களுடைய மேலாண்மையை ஏற்கலாம் என்பதே அவனுடைய கோரிக்கையின் சாரம். அரசனைக் கொல்வதற்கு நோர்த் உடன்படவில்லை. ஆனால் பேச்சை முறிக்கவுமில்லை. அரசன் பெயரளவில் இருக்கட்டும், ஆட்சி மந்திரியிடம் இருக்கட்டும், காவற்படை ஆங்கிலேயருடையதாயிருக்கட்டும் என்பது அவர் வைத்த மாற்றுத் திட்டம்.

இத்திட்டம் நோர்த்தின் சொந்தக் கண்டுபிடிப்பன்று. அவருடைய நண்பரான வெல்லெஸ்லி பிரபு அதே காலத்தில் இந்தியாவில் இதனையே செய்துகொண்டிருந்தார். 1798இல் ஐதராபாத் ஆங்கிலக் காவற்படையை ஏற்றது. 1799இல் தஞ்சையின் சரபோஜி பட்டமும் உதவித்தொகையும் பெற்று ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். 1801இல் கருநாடக நவாப்பின் நாடும் அவ்வாறே சென்றது. முத்துசாமிக்கு யாழ்ப்பாணத்தில் ஒதுக்கப்பட்ட அரசவை தஞ்சையில் வார்க்கப்பட்ட அச்சிலிருந்து வந்ததே. ஆகவே, கண்டி விவகாரத்தை 'சதிகார மந்திரியும் அப்பாவித் தேசாதிபதியும்' என்னும் நாடகமாகக் காட்டும் நூல்களை நாம் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். விற்பவன் ஒருவன் உளனெனின் வாங்குபவன் ஒருவனும் உளன்.

1800 மார்ச்சில் படைத்தலைவர் மக்டோவல் பெரும் படைத்துணையோடு 'தூது' சென்றார். பாதை கரடுமுரடானது எனக் காரணங்கூறிக் கண்டியார் படையின் பெரும்பகுதியை வழியிலேயே நிறுத்தச் செய்தனர். அரசன் எதற்கும் உடன்படவில்லை. தூது வெறுங்கையோடு திரும்பியது. இளைஞனான அரசன் மந்திரியின் கைப்பாவையல்லன் என்பதற்கு இஃது ஆரம்பச் சான்று. இதன்பின் ஆங்கிலேயரின் குடிகளான வணிகர் சிலரது பாக்கு கண்டி எல்லையுட் பறிமுதல் செய்யப்பட்டது. நட்டஈடு வாக்களிக்கப்பட்டும் கொடுக்கப்படவில்லை. இதனைக் காரணமாக்கி நோர்த் 1803 ஜனவரி இறுதியில் கொழும்பிலிருந்து படை அனுப்பினார். திருகோணமலையிலிருந்து மற்றொரு படை புறப்பட்டது. பெப்ரவரியில் இரண்டும் கண்டியை அடைந்தபோது நகரம் ஆளின்றி எரிந்துகொண்டிருந்தது. மார்ச்சில் முத்துசாமிக்கு ஆங்கிலேயர் முடிசூட்டினர். முடிசூட்டு விழாவுக்குக் குடிகளில் எவரும் வரவில்லை என்பதே அவ்வரசின் வரலாற்றை முழுமையாகக் கூறிவிடும்.

தாம் முடிசூட்டியவனுக்கு ஆதரவில்லை எனக் கண்ட நோர்த், மே மாதத்தில் தம்பதெனியாவில் பிலிமத்தலாவையைச் சந்தித்தார். யாழ்ப்பாணத்து அரசவை பற்றிய வாசகம் அப்போது எழுதப்பட்டதுதான். பிலிமத்தலாவை 'உத்தம குமாரன்' என்னும் பட்டத்தோடு கண்டியை ஆள்வான். திருகோணமலைக்குச் செல்லும் பாதைக்கு வேண்டிய நிலம் ஆங்கிலேயரைச் சேரும். விக்கிரம இராஜசிங்கன் அவர்களிடம் ஒப்படைக்கப்படுவான். இரு மாதங்களுக்கு முன் முடிசூட்டிய முத்துசாமியை ஆங்கிலேயர் எத்துணை இலகுவாகக் கைவிட்டனர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இதற்கு ஏழு வாரங்களுக்குப் பின், 1803 யூன் 24ஆம் நாள், கண்டியார் நகரத்தைத் தாக்கினர். மழையும் காய்ச்சலும் ஆங்கிலக் காவற்படையை முன்னரே குலைத்திருந்தன. மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலி கங்கைக் கரையில் வட்டப்புளுவையில் முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். சரணடைந்த வெள்ளைப் படையினரும் கொல்லப்பட்டனர். டேவி உயிரோடு விடப்பட்டுப் பல்லாண்டுகள் கண்டியிற் சிறையிருந்தே மாண்டார்.

பிலிமத்தலாவை இங்கே யாரை ஏமாற்றினான்? அரசனை விற்க முனைந்து, விலை படியாமையால் மீண்டும் அரசன் பக்கம் சேர்ந்தானா? அன்றி, பேச்சு என்னும் வலையை விரித்து ஆங்கிலேயரை மழைக்காலம்வரை மலைநாட்டில் இருத்தி அழித்தானா? இரண்டாவது கருத்தின்படி அவன் நாட்டின் மிகச் சிறந்த இராசதந்திரி. முதலாவதன்படி அவன் துரோகி. தம்பதெனியாவில் தேசாதிபதியையே சிறைபிடிக்க அவன் எண்ணியிருந்தான் என ஆங்கிலேயர் எழுதியுள்ளமை இரண்டாவது கருத்துக்குத் துணைபோகும். ஆயின், பிலிமத்தலாவையின் சொற்களாக நாம் படிப்பவை யாவும் மொழிபெயர்ப்பாளர் வாய்வழி நோர்த்தின் செயலகத்துக்குட் சென்று, அங்கே ஆங்கிலமாகி, மேலிடத்துக்குத் தம் செயலை நியாயப்படுத்தவேண்டிய ஒருவரால் எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது. எமது கருத்தில் அவன் இரு வழிகளையும் இறுதிவரை திறந்தே வைத்திருந்தான். ஆங்கிலேயர் வென்றால் உத்தம குமாரன். அரசன் வென்றால் நாட்டைக் காத்த மந்திரி. எந்த விளைவிலும் தன் வர்க்கத்தின் மேலாண்மை நிலைக்கவேண்டும் என்பதே அவனுடைய கொள்கையின் மாறாத உட்பொருள். இதற்குத் துரோகம் என்ற சொல்லும் தேசப்பற்று என்ற சொல்லும் ஒருசேரப் பொருந்தா.

வெற்றியின் பயனை அடைந்தவன் மந்திரியல்லன், அரசன். அவ்வாண்டிலேயே ஹங்வெல்லைக் கோட்டையைத் தானே முன்னின்று தாக்கித் தோற்றபோதும், அரசனுடைய துணிவு வளர்ந்தது. அவன் மாகாணங்களைப் பிரித்தான். பதவிகளைப் புதியவர்க்குக் கொடுத்தான். பெருங்குடும்பங்களை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தினான். ஐரோப்பாவில் இவ்வாறு செய்த மன்னரை 'நவீன முடியரசின் சிற்பிகள்' எனப் புகழும் பாடநூல்கள் கண்டியில் இதனைச் செய்தவனைக் கொடுங்கோலன் என்று மட்டும் கூறி நிறுத்திவிடுகின்றன. அவன் கொடுமைகள் செய்தான் என்பது உண்மை. கண்டி வாவியை அமைக்கக் குடிகள் கட்டாய ஊழியத்திற் கசக்கப்பட்டனர் என்பதும் உண்மை. தண்டனைகளில் ஹென்றியும் குறைந்தவனல்லன்.

பிலிமத்தலாவை பதவி இழந்து, அரசனைக் கொல்லச் சதி செய்தான் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவனுடைய மருமகனான எகெலப்பொல முதலாம் அதிகாரானான். அவனும் அதே பாதையில் நடந்தான். இம்முறை மறுமுனையில் இருந்தவர் நோர்த்தைவிடப் பொறுமைசாலி. சிங்களம் நன்கு கற்ற ஜோன் டொயிலி ஓலைகள் மூலமும் ஒற்றர் மூலமும் கண்டித் தலைவர்களின் மனக்குறைகளை நாள்தோறும் திரட்டிவந்தார். அவருடைய நாட்குறிப்பு 1917இல் அச்சேறியுள்ளது. அதனைப் படிப்போர், ஓர் இராச்சியம் பீரங்கிக்கு முன்னரே கடிதங்களால் வீழ்த்தப்பட்டதைக் காணலாம். 1814இல் எகெலப்பொல கிளர்ச்சி செய்து தோற்றுக் கொழும்புக்கு ஓடினான். கண்டியில் அகப்பட்ட அவனுடைய மனைவி மக்கள் கொல்லப்பட்டனர். அக்கொலை மக்கள் உள்ளத்தில் அரசனுக்கு எஞ்சியிருந்த மதிப்பையும் அழித்தது. 1815 ஜனவரியில் தேசாதிபதி பிறவுன்றிக் போர் தொடுத்தார். நாற்பது நாட்களுக்குள் எல்லாம் முடிந்தது. பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரவுக்கு அண்மையில் அரசனைப் பிடித்தவர்கள் எகெலப்பொலவின் ஆட்களே.

மார்ச் 2ஆம் நாள் கண்டி அரண்மனை மண்டபத்தில் வாசிக்கப்பட்ட ஒப்பந்தம் இன்றும் எமது அரசியலைத் தொட்டு நிற்பது. 'மலபார்' இனத்தாரின் ஆட்சியுரிமை ஒழிந்தது என்றும், வீழ்ந்த அரசனின் ஆண்வழி உறவினர் கண்டி மாகாணங்களுக்குட் புகலாகாது என்றும் அது கூறியது. ஆங்கிலேயர் அக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழரையும் அவர் மொழியையும் சுட்டியதும் இதே 'மலபார்' என்னும் சொல்லாலேயே. நாயக்கரோ தெலுங்கு மூலத்தினர், தமிழ் வழங்கியவர், ஆட்சியிற் சிங்கள பௌத்த மரபைப் பேணியவர். மேலும், அவ்வொப்பந்தத்தில் ஒப்பமிட்ட கண்டித் தலைவர்களுட் சிலர் தமிழ் எழுத்துக்களிலேயே ஒப்பமிட்டனர். தமிழ் அங்கே அவையினரின் மொழிகளுள் ஒன்றாயிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

1803இல் ஆங்கிலேயர் ஒரு நாயக்கனையே 'உரிமையுள்ள அரசன்' எனக் கூறிக் கண்டியில் முடிசூட்டினர் என்பதை மேலே கண்டோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் நாயக்கர் அந்நியர் என்பது அவர்களுக்குத் திடீரெனத் தெரியவந்தது! இன்னொரு சான்று இதனிலும் வலியது. 1817–1818இல் ஊவாவிலும் வெல்லசையிலும் எழுந்த பெருங்கிளர்ச்சியின்போது அரசனாக முன்னிறுத்தப்பட்டவன் தன்னை நாயக்கர் உறவினனான 'துரைசாமி' எனக் கூறிக்கொண்டான். உண்மையில் அவன் முன்னாள் பிக்குவான ஒரு சிங்களவன். எகெலப்பொலவின் மைத்துனனான கெப்பிட்டிப்பொல அவன் பெயராலேயே போரை நடத்தினான். ஒப்பந்தம் யாரை என்றென்றைக்குமாக விலக்கியதோ, அவருடைய பெயரைச் சூடினாற்றான் மலைநாட்டுக் குடிகள் திரள்வர் எனக் கிளர்ச்சித் தலைவர்கள் கருதினர். அரசுரிமை பற்றிய குடிகளின் எண்ணத்தில் இனம் என்பது பிற்காலத்தார் கற்பிக்கும் இடத்தைப் பெற்றிருக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இவ்விடத்தில் இரு தரப்பு வாசிப்புகளையும் நாம் மறுக்கவேண்டியுள்ளது. 'தமிழ்க் கொடுங்கோலனைச் சிங்களத் தலைவர் அகற்றினர்' என்பது ஒன்று. 'இலங்கையின் கடைசித் தமிழ் மன்னனைச் சிங்களத் தலைவர் காட்டிக்கொடுத்தனர்' என்பது மற்றொன்று. முன்னையது பிறவுன்றிக்கின் போர்ப் பிரகடனத்தைப் பின்பற்றுகின்றது. பின்னையது அதனையே தலைகீழாகப் பிடித்து வாசிக்கின்றது. ஊழியம் செய்த குடியானவன் இரண்டிலும் இல்லை. அரசனுக்கும் ரதலக் குடும்பங்களுக்கும் இடையே நிலத்தின் பயனையும் குடிகளின் உழைப்பையும் பகிர்வது பற்றி நிகழ்ந்த நெடும் போராட்டம் அயல்நாட்டுக் கொள்கையாக வெளியே வந்தது. அப்போராட்டத்தில் மூன்றாவது ஆளாகப் புகுந்தவர் இருவருடைய பங்கையும் எடுத்துக்கொண்டனர். மார்க்சிய அறிஞரான கொல்வின் ஆர். டி சில்வா ஆங்கிலேயராட்சி பற்றி எழுதிய பெருநூல் இப்பேரங்களை விரிவாக ஆராய்ந்துள்ளது. தமிழில் அத்தகைய விரிவான ஆய்வுகள் பெருகவேண்டும்.

முடிசூட்டப்படுவோம் என எதிர்பார்த்த எகெலப்பொலவுக்குக் கிடைத்தது ஆங்கில அரசின் 'நண்பன்' என்னும் பெயர். முதலாம் அதிகார் பதவி மொல்லிகொடவிடம் இருந்தது. ஆனால் அவனுக்குப் பிறநாட்டாரிடமிருந்து வர இனி ஓலைகள் இல்லை. அரசன் இருந்த இடத்தில் டொயிலி இருந்தார். வட இலங்கையிலோ பிறவுன்றிக் 1816இல் அமெரிக்க மிசனரிமாருக்கு இடமளித்தார். அவர்களுள் ஒருவரான வைத்தியர் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் வந்தமர்ந்தார். யாழ்ப்பாணத்துக்கென எழுதப்பட்ட அரசவை அதற்குள் எவர் நினைவிலும் இல்லை. 1818 நவம்பரில் கெப்பிட்டிப்பொல சிரச்சேதம் செய்யப்பட்டான். அதே மாதம் வெளியான பிரகடனம் தலைவர்களின் அதிகாரத்தையும் அவர்களுக்குரிய மரியாதைகளையும் பெரிதும் குறைத்து, ஆங்கில முகவர்களை அவர்களுக்கு மேலே வைத்தது. கிளர்ச்சியிற் பங்குண்டு என்னும் ஐயத்தில் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்ட எகெலப்பொல 1825இல் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தான். விக்கிரம இராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் 1832 ஜனவரி 30ஆம் நாள்வரை வாழ்ந்தான்.